அக்கா வாங்காத போனுக்கு அக்காவிடம் தவணை கேட்ட கதை

2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை காலை 7.40. அக்கா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மேடம், மூணு இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆயிருக்கு. பதினோரு மணிக்குள்ள கட்டிடுவீங்களா?" ராங் நம்பருங்க என்று வைத்துவிட்டாள். ஒன்பது மணிக்குள் அதே மாதிரி இன்னும் மூன்று அழைப்புகள், ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணிலிருந்து. கடைசியாகப் பேசியவன் அவளுடைய முழுப் பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாவற்றையும் மடமடவென்று ஒப்பித்தான். அதற்குப் பிறகுதான் பயந்துபோய் எனக்குக் கூப்பிட்டாள்.

அக்காவுக்குத் திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தையல் கடை. இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், ஆர்டர் எழுத ஒரு நீள நோட்டு. இதுவரை வாங்கிய கடன் இரண்டே இரண்டு: 2019ல் ஒரு நகைக்கடன், 2021ல் மிஷினுக்கு ஒரு கடன். இரண்டையும் கெடுவுக்கு முன்பே அடைத்தவள். இவர்கள் கேட்டது வேறு கணக்கு. 2024 ஏப்ரல் 6ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு மொபைல் கடையில் 31,999 ரூபாய்க்கு ஒரு போன், முன்பணம் கிடையாது, 12 தவணை, மாதம் 2,667. மே மாதத் தவணை போயிருக்கிறது, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் திரும்பிவிட்டன. தவணை பாக்கி 8,001, பவுன்ஸ் சார்ஜ் தடவைக்கு 590 வீதம் 1,770, அப்புறம் அபராதம் அது இது என்று சேர்த்து 10,460. அக்கா கடைசியாகக் கோயம்புத்தூர் போனது ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் கொரோனாவுக்கு முன்னால். அவள் கையில் இருக்கிற போன் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவன். ஆனாலும் முதல் இரண்டு நாளில் நாங்கள் செய்ததெல்லாம் தப்புதான். வெரிஃபிகேஷனுக்கு என்று ஒருவன் கேட்டதும் அக்கா ஆதார் கார்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அது நான் இல்லைன்னு பார்த்தாவது விடுவாங்கன்னு நினைச்சேன் தம்பி" என்றாள். கடன் தன்னுடையது இல்லை என்று காட்டப் போய், அதுவரை அவர்களிடம் இல்லாத ஆவணத்தையும் கொடுத்தாகிவிட்டது. என் பங்குக்கு நான் ஒருத்தனிடம் இருபது நிமிஷம் சண்டை போட்டேன். நாங்கள் வாங்கவே இல்லை, நாங்கள் வாங்கவே இல்லை என்று நானும், அப்புறம் உங்க பான் நம்பர் எப்படி வந்துச்சு என்று அவனும். அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது, ஏனென்றால் அவன் முன்னால் இருப்பது ஒரு எக்செல் வரிசை மட்டும்தான்: பேர், கடன் எண், பாக்கி, போன் நம்பர். அவன் கடன் கொடுத்த கம்பெனி ஆளே இல்லை, அவர்கள் வசூலுக்கு விட்டிருக்கிற ஏஜென்சியின் ஆள். நாம் சொல்வது உண்மை என்று அவன் நம்பினாலும் அந்த வரிசையை அழிக்கிற அதிகாரம் அவனுக்கு இல்லை.

கடன் வாங்கியவர் கொடுத்த எண் அணைந்து கிடக்கும்போது எங்களை எப்படிப் பிடித்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஸ்கிப் ட்ரேசிங் என்று பேர். ஆள் கிடைக்கவில்லை என்றால் பான் எண்ணை வைத்து கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது நாம் வாங்கிய கடன்களின் வரலாற்றில், தேடுவார்கள். அதில் அந்த ஆள் எந்தக் காலத்திலோ வேறு கடனுக்குக் கொடுத்த போன் எண், முகவரி எல்லாம் இருக்கும். அக்கா 2019ல் நகைக்கடனுக்குக் கொடுத்த எண்தான் இப்போது அடித்தது. திருடியவனுக்கு அவள் பான் எண் போதும். அவனைத் தேடுகிறவனுக்கும் அதே பான் எண் போதும், ஆனால் அது கொண்டுபோய் விடுவது அவள் வீட்டு வாசலில்.

மூன்றாம் நாள் மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு பெண் அழைத்து நயமாகப் பேசியிருக்கிறார்: சார், 5,000 மட்டும் போடுங்க, மீதியைத் தள்ளுபடி பண்ணி செட்டில்மென்ட் லெட்டர் அனுப்பிடுறோம், இந்த நம்பருக்கு ஜி-பே பண்ணிடுங்க. மாமா என்னிடம், "மாப்ள, அஞ்சாயிரம் போனா போகுது. கடை வாசல்ல வந்து நின்னான்னா மானம் போயிரும். தீபாவளி ஆர்டர் வேற ஆரம்பிக்கப் போகுது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஏற்பாடு முழுக்க ஓடுவதே அந்த மானம் என்கிற ஒரு சொல்லில்தான். ஆனால் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்காவின் அக்கவுண்டிலிருந்து அந்தக் கடனுக்கு ஒரு தொகை போயிருக்கும், அது அவளே கடனை ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் 18, 19 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, எழுத்தில் ஒத்துக்கொண்டாலும் சரி, ஒரு பகுதியைக் கட்டினாலும் சரி, கடனுக்கான மூன்று வருஷக் கெடு அன்றைக்கிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும். அதோடு ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். வெளியாளுக்கு அது 'முடிந்தது' என்று கேட்கும், வங்கிக்காரருக்கு 'முழுசாகக் கட்டாமல் பேரம் பேசியவர்' என்று அர்த்தம். அதற்கும் மேல், ஜி-பே எண் ஒரு தனி ஆளுடையது. நல்லவேளையாக மாமாவின் போனில் அன்றைக்கு நெட் தீர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 27ஆம் தேதி மாமா பயந்த மாதிரியே கடைக்கு ஆள் வந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசுப் பையன், பைக்கை நிறுத்தியதும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போய், இந்த டெய்லரக்கா லோன் கட்டலையே, எப்ப வருவாங்க எப்ப போவாங்க என்று விசாரித்திருக்கிறான். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். கோபம் வந்தது, ஆனால் இந்தத் தடவை சண்டை போடுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தேன். உட்காரச் சொல்லி, கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். கழுத்தில் ஏஜென்சி அட்டை மட்டும் தொங்கியது, கடிதம் இல்லை. "அண்ணா, எனக்கு மாசம் இத்தனை கேஸ்னு கொடுத்திருக்காங்க, நான் என்ன பண்ண" என்றான். சரி, உன் டேப்லெட்டில் அந்தக் கடனுக்கு என்னதான் இருக்கிறது, காட்டு என்றேன். அவன் தயங்கித் தயங்கித் திறந்தான். அதில் கடன் போடும்போது கடையில் எடுத்த படம் இருந்தது. ஒரு பெண், முப்பது வயசுக்குள், பின்னால் செல்போன் பெட்டிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி.

அக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தில் இருந்த முகத்தையே அவள் பார்க்கவில்லை. "போட் நெக்கு. கைல பைப்பிங் வச்சிருக்கு பாரு, சுருக்கம் விழுந்திருக்கு. இந்த மாதிரி பிளவுஸை நான் போட்டுக்கிட்டு வெளிய போவேனாடா?" என்றாள். பையன் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயசு, தலை பாதி நரைத்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவனே, "அண்ணா, நீங்க கம்பெனிக்கு மெயில் போட்டுருங்க. நான் 'கஸ்டமர் டிஸ்ப்யூட்'னு போட்டுக்கிறேன்" என்றான். டீ குடித்துவிட்டுப் போனான். போகும்போது அவன் பேன்ட் தையல் விட்டிருந்ததைப் பார்த்து அக்கா அதையும் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தாள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எனக்குக் கண் திறந்தது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான். அதுவரை 'நாங்கள் வாங்கவில்லை' என்பதை நாங்கள் எப்படி நிரூபிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். மாமா ஆர்டர் நோட்டைப் புரட்டி ஏப்ரல் 6 சனிக்கிழமைப் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ரம்ஜான் நெருங்கிய சமயம் என்பதால் பேகம்பூரிலிருந்து ஒன்பது பேர் வந்து அளவு கொடுத்த பக்கம் அது, எல்லாம் அக்கா கையெழுத்து. நல்ல சாட்சிதான், பிறகு இணைப்பாக அனுப்பினோம். ஆனால் நிரூபிக்க வேண்டியது நாங்கள் இல்லை. கடன் கொடுத்தேன் என்கிறவன்தான் யாருக்குக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். விண்ணப்பம், ஆதார் நகல், எடுத்த படம், தவணை பிடிக்கக் கொடுத்த பேங்க் அக்கவுண்ட், போனின் பில் எல்லாம் அவன் கோப்பில்தான் கிடக்கிறது. அந்தக் கோப்பைத் திறக்க வைத்தால் போதும்.

அன்று சாயங்காலமே மூன்று விஷயங்களை எடுத்தோம். முதலில் கிரெடிட் ரிப்போர்ட். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இதைத் தயாரிக்கிற நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. காசு கட்டுகிற பட்டன்கள் பெரிதாக இருக்கும், இலவசத்தைக் கொஞ்சம் தேட வேண்டும். நான்கையும் எடுத்தோம். மூன்றில் இந்தக் கடன் இருந்தது. பான் அக்காவுடையது, பிறந்த தேதி அவளுடையது. போன் எண் அவளுடையது அல்ல, முகவரி கோயம்புத்தூரில் ஒன்று. நாள் கணக்குக் கட்டத்தில் ஜூனுக்கு 025, ஜூலைக்கு 056 என்று, அதாவது தவணை தாண்டி இத்தனை நாள் என்று ஏறிக்கொண்டே போனது. 771 ஆக இருந்த ஸ்கோர் 655.

இரண்டாவது, ஆதார் தளத்தில் 'அங்கீகார வரலாறு' என்று ஒன்று உண்டு. நம் ஆதாரை எப்போது எங்கே ஓ.டி.பி.யோ கைரேகையோ வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கடந்த ஆறு மாதத்துக்குக் காட்டும். ஏப்ரல் 6ஆம் தேதி அங்கே எதுவுமே இல்லை. அப்படியென்றால் கடை ஆள் ஒரு ஜெராக்ஸை மட்டும் வாங்கிப் போட்டுக் கடன் எழுதியிருக்கிறார். இன்னும் ஒன்றரை மாதம் தள்ளித் தேடியிருந்தால் இந்தச் சாட்சி எங்களுக்குக் கிடைத்தே இருக்காது, ஆறு மாதம் தாண்டியிருக்கும். மூன்றாவது, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அக்கா பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு, இரண்டும் அவளுடையவை. கடன் எழுதிய எண் அதில் இல்லை.

கிரெடிட் ரிப்போர்ட்டை யாராவது எடுத்துப் பார்த்தால் நமக்கு எஸ்.எம்.எஸ்., மெயில் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது, அமலுக்கு வந்தது 2024 ஏப்ரல் 26. எங்கள் கடன் ஏப்ரல் 6. இருபது நாள் வித்தியாசத்தில் தப்பிப் போயிருக்கிறது. அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் சன்னி லியோன் கதையைச் சொன்னேன்: 2022 பிப்ரவரியில், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள், சிபில் கெட்டுப்போனது என்று அவரே வெளியில் சொன்னார். "சினிமாக்காரி பேர்லயே ரெண்டாயிரம்தானா, என் பேர்ல முப்பத்திரண்டாயிரம்" என்று அக்கா சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு.

செப்டம்பர் 2ஆம் தேதி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போனது. ஏஜென்சிக்கு இல்லை, கஸ்டமர் கேருக்கும் இல்லை. ஒவ்வொரு நிதி நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் பேரையும் மெயிலையும் தங்கள் தளத்தில் போட்டிருக்க வேண்டும், அவருக்கு. ஆங்கிலத்தில் அனுப்பினோம், தமிழில் விஷயம் இவ்வளவுதான்: 'இந்த எண்ணுள்ள கடனை நான் வாங்கவில்லை, யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை, இதில் ஒரு ரூபாய்கூட என் பொறுப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. கடன் விண்ணப்பம், அதோடு வைத்த அடையாள ஆவணங்கள், கடையில் எடுத்த படம், ஒப்பந்தம், மே மாதத் தவணை பிடிக்கப்பட்ட வங்கிக் கணக்கின் பேர் மற்றும் கடைசி நான்கு எண், ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு போனின் பில், இவற்றின் நகல்களைத் தாருங்கள். விசாரணை முடியும்வரை வசூல் அழைப்புகளை நிறுத்துங்கள். இனி எதுவாக இருந்தாலும் எழுத்தில் மட்டும்.' இதில் எங்கேயும் கோபமே கிடையாது. 'மன உளைச்சல்' என்று நான் எழுதியிருந்த ஒரு பத்தியை அனுப்புமுன் நானே வெட்டினேன், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

மெயிலோடு ஒரு பட்டியலும் வைத்தோம். ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அக்கா ஒவ்வொரு அழைப்பையும் எழுதி வைத்திருந்தாள்: தேதி, நேரம், எண், என்ன சொன்னான். ஜாக்கெட் அளவு எழுதுகிற அதே குறுகலான எழுத்தில். ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 1 வரை 43 அழைப்பு. அதில் காலை எட்டுக்கு முன் 6, மாலை ஏழுக்குப் பின் 9. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார் நண்பர்களை நச்சரிக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டிருந்தது, ஏஜென்சி செய்வதற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்றும் அதில் இருந்தது. எண்ணை பிளாக் பண்ணிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் பண்ணவில்லை. பிளாக் பண்ணியிருந்தால் இந்த 43 இருந்திருக்காது.

மறுநாள், செப்டம்பர் 3, கிரெடிட் நிறுவனங்களின் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று டிஸ்ப்யூட் போட்டோம். இதற்கு 30 நாள் கெடு. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும், மிச்ச நாளுக்குள் கிரெடிட் நிறுவனம் ரிப்போர்ட்டைச் சரி செய்ய வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, யார் தாமதமோ அவர் தர வேண்டும்.

போலீஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய சுவாரசியம் இல்லை. சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா, "கோயம்புத்தூர்ல நடந்ததுக்கு இங்க எப்படிம்மா வாங்குறது" என்றார். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அதைச் சண்டைபோல இல்லாமல் சொன்னேன். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எங்களுக்கு அந்த ஒற்றைத் தாள்தான் வேண்டியிருந்தது. அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, ஆள்மாறாட்டத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 319 என்று புகாரிலேயே குறிப்பிட்டிருந்தோம். அந்தப் போன் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் நிலுவை ரூ. 13,717. உடனே செலுத்தி மேலும் கட்டணங்களைத் தவிர்க்கவும்.' எங்கள் மெயிலைப் படித்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. அதே மெயிலின் கீழேயே, கேட்ட ஆவணங்கள் எதுவும் வரவில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதி சி.எஸ்.ஆர். ரசீதை இணைத்துத் திருப்பி அனுப்பினோம். அதற்குப் பதிலே இல்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது, மேலே தராசு படம், சிவப்பு எழுத்தில் 'வழக்குக்கு முந்தைய இறுதி அறிவிப்பு', கீழே வாரண்ட் என்ற சொல் மூன்று இடத்தில். மாமா அன்று ராத்திரி தூங்கவில்லை. கடன் கட்டாததற்கு யாரும் வாரண்ட் எடுத்துவர முடியாது, அது சிவில் விஷயம். செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, ஆட்டோ டெபிட் திரும்பினால் பேமென்ட் சட்டத்தின் 25ஆம் பிரிவு என்று கிரிமினல் வழக்கு போட வழி உண்டுதான், ஆனால் அதெல்லாம் அந்த அக்கவுண்ட் யாருடையதோ அவர் மேல். எங்கள் கேள்வியே அந்த அக்கவுண்ட் யாருடையது என்பதுதானே. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: வாட்ஸ்அப் மிரட்டலை ஒதுக்கலாம், கோர்ட் சம்மனையோ ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) நோட்டீஸையோ ஒதுக்கவே கூடாது. பொய்க் கடனாகவே இருந்தாலும் நாம் போகாவிட்டால் நாம் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மெயில் போட்டு 30 நாள் தாண்டியதும் அக்டோபர் 7ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் பதிந்தோம். 2021 நவம்பரில் வந்த திட்டம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், சி.எம்.எஸ். என்கிற தளத்தில் நாமே பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒரே நிபந்தனை, முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் மறுத்திருக்க வேண்டும். நிறைய பேர் நேராக இங்கே வந்து, 'முதலில் நிறுவனத்தை அணுகவும்' என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். போன் எத்தனை பண்ணியிருந்தாலும் அது கணக்கில் வராது, மெயில்தான் கணக்கு. அப்போது மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரை கேட்க முடிந்ததும் இந்தத் திட்டத்தில்தான், நான் முதலில் வெட்டிய பத்தியை இங்கே ஒட்டினேன். நாங்கள் எழுதியது ஒன்றரைப் பக்கம், இணைப்பு பதினோரு தாள்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் எல்லாம் மாறியது. அதுவரை 'மேடம்' என்றும் கோபம் வந்தால் 'ஏம்மா' என்றும் பேசிக்கொண்டிருந்தவர்கள் போய், குறைதீர்ப்பாளரிடம் போன புகார்களைக் கவனிக்கிற கம்பெனியின் நோடல் ஆபீசிலிருந்து ஒருவர் மரியாதையாக அழைத்தார். படம் ஒன்று அனுப்ப முடியுமா என்றார். முடியாது, உங்களிடம் இருக்கிற படத்தை எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் குறைதீர்ப்பாளர் மூலம் பதில் தருகிறோம் என்றோம். ஒரு வாரம் கழித்து ஆவணங்கள் வந்தன. ஆதார் நகலில் எண் அக்காவுடையது, படம் அந்த போட் நெக் பெண்ணுடையது, முகவரி கோயம்புத்தூர். தவணை பிடிக்கக் கொடுத்த அக்கவுண்ட் ஒரு ஆண் பேரில். பேர் பொருந்தாத அக்கவுண்டில் ஆட்டோ டெபிட் போட்டபோதே யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை, ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், டார்கெட், ஐந்து நிமிஷத்தில் லோன், யார் கேட்பார்கள்.

நவம்பர் 12ஆம் தேதி கடிதம் வந்தது. 'சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களில் முரண்பாடு காணப்பட்டதால்' கணக்கு அக்காவின் பேரிலிருந்து நீக்கப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அன்றே மூன்று ரிப்போர்ட்டிலிருந்தும் கணக்கு போனது. டிஸ்ப்யூட்டின் 30 நாள் அக்டோபர் 3ல் முடிந்தது, சரியானது நவம்பர் 12, இடையில் 40 நாள், நாளுக்கு 100 வீதம் 4,000 ரூபாய் நஷ்டஈடு. தானாக வரவில்லை. இந்த நஷ்டஈடு பற்றிய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையின் தேதியைப் போட்டு ஒரு மெயில் அனுப்பிய பிறகு வந்தது. மன உளைச்சலுக்கு எதுவும் கிடைக்கவில்லை, புகார் சமரசத்தில் முடிந்தது என்று குறைதீர்ப்பாளர் மூடிவிட்டார். தீபாவளி முடிந்து அசந்திருந்த அக்கா, மேலே போக வேண்டாம் என்றாள். நான் போயிருப்பேன். அவள் கேஸ், அவள் முடிவு.

இதே மாதிரி என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு எல்லாம் இதே வழி ஒத்துவராது. புது சிம் வாங்கியதும் பழைய ஆளின் கடனுக்கு அழைப்பு வருகிறது என்றால் அது எளிது. எண் இப்போது உங்களுடையது, ஆள் நீங்கள் இல்லை என்று ஒரு மெயில், பான் ஆதார் எதையும் கொடுக்காமல். நண்பன் உங்களை ரெஃபரன்ஸாகப் போட்டிருந்தால் உங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது, கடன்காரருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'சும்மா சாட்சிக் கையெழுத்துதான்டா' என்று சொல்லி வாங்கியதா என்று தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இறந்த அப்பாவின் கடன் என்றால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான், பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. போனில் இருக்கிற கான்டாக்ட் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு படத்தை மார்ஃபிங் பண்ணி மிரட்டுகிற போலி ஆப் கும்பலுக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக சைபர் கிரைம் உதவி எண் 1930.

பான் நகல் எப்படிப் போனது என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு சிம், ஒரு சீட்டு, ஒரு கேஸ் கனெக்ஷன், குழந்தை ஸ்கூல் என்று எத்தனையோ இடத்தில் கொடுத்த ஜெராக்ஸ். இப்போது அக்கா எந்த நகலைக் கொடுத்தாலும் குறுக்கே கோடு போட்டு, எதற்கு, எந்தத் தேதி என்று எழுதித்தான் கொடுக்கிறாள். ஆதார் என்றால் எண்ணை மறைத்த நகல்தான். பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன், பாழாகப் போன பிரதிகளை முன்பெல்லாம் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கணக்கு எழுத வைத்துக்கொள்வார். அந்தக் கட்டில் யார் யாருடைய ஆதாரெல்லாம் இருந்தது என்று ஒருநாள் எடுத்துக் காட்டினார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது கிழித்துப் போடுகிறார்.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்து, வேறொரு ஏஜென்சியிலிருந்து அதே கடனுக்கு ஒரு அழைப்பு. பழைய பட்டியல் கைமாறிப் போயிருக்கிறது. இந்தத் தடவை அக்கா எனக்குக் கூப்பிடவில்லை, சாயங்காலம்தான் சொன்னாள். "ஒரே கேள்விதான் கேட்டேன் தம்பி. முதல் தவணை யார் அக்கவுண்ட்ல இருந்து போச்சுன்னு பாத்துச் சொல்லுப்பான்னேன். லைன்ல இருங்கக்கான்னான். ரெண்டு நிமிஷம் மியூசிக் ஓடுச்சு. அப்புறம் கட்டாயிருச்சு." கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதியிருந்தாள், நேரத்தோடு. காலை 8.05.